தட்டணு குறைந்தால் டெங்கு மட்டும்தானா? மலேரியா வந்த குழந்தையின் இரத்தப் பரிசோதனையைப் புரிந்துகொள்ள

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து மார்கழிப் பனி வரை காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பொன்னமராவதியிலும் காய்ச்சலோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படும் குழந்தைகளுக்கு, முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வகத்துச் சீட்டு கைக்கு வந்தவுடன் பெற்றோரும், துணைக்கு வந்த அப்பத்தாவோ ஆயாவோ, முதலில் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதைத்தான். 2012இலும் 2017இலும் தமிழ்நாடு கண்ட டெங்குப் பரவல்கள் இந்தக் கேள்வியை வீடுதோறும் கொண்டுசேர்த்துவிட்டன. ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே ஓர் எண்ணைக் கண்டால் டெங்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த எண் மேலும் இறங்கினால், குழந்தையின் உயிரே அதனோடு இறங்குவதாக அஞ்சுகிறோம். மலேரியாவைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்ணங்களும் நம்மைத் தவறான பக்கம் திருப்பக்கூடியவை. பிளேட்லெட் எனப்படும் தட்டணு குறைவது மலேரியாவிலும் மிகச் சாதாரணமாக நிகழ்வது. அப்படிக் குறையும்போது கவனம் செலுத்த வேண்டியது எண்ணின் மீதன்று, அதைக் குறையவைத்த ஒட்டுண்ணியின் மீதும் குழந்தையின் நிலையின் மீதும்தான்.

தட்டணு என்பது என்ன

நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு ஆகியவற்றோடு மூன்றாவதாக இருப்பவை தட்டணுக்கள். இவை முழுமையான உயிரணுக்கள் அல்ல. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மிகப் பெரிய உயிரணுக்களிலிருந்து உதிர்ந்து வரும் சிறு துணுக்குகள்; இவற்றுக்கு உட்கரு கிடையாது; அகலம் இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர்தான். இரத்தக் குழாயில் எங்காவது சிறு பழுது ஏற்பட்டால், அந்த இடத்தில் முதலில் சென்று ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பிணைந்து, ஓட்டையை அடைப்பது இவற்றின் வேலை. இரத்தம் உறைவதற்கான மற்ற வேதிமாற்றங்கள் அதன் மேல் நடந்து அடைப்பை உறுதிப்படுத்துகின்றன.

இத்தாலியரான ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் இவற்றின் பணியைத் தெளிவாக விவரித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1880இல், அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவெரான், காய்ச்சல்காரர் ஒருவரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் பின்னர் ஒரே நுண்ணோக்கியின் கீழ் சந்தித்தன என்று சொல்லலாம். அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1902இல் வெளியிட்ட சாயமுறை, இரத்த அணுக்களையும் மலேரியா ஒட்டுண்ணியையும் பிரித்துக் காட்டுவதற்காக உருவானது. தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையின் பெரிய உயிரணுக்களிலிருந்தே பிறக்கின்றன என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின் காட்டியவரும் அவரே.

இயல்பான எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை. சீட்டில் இதை 1.5 இலட்சம் என்றோ, ஆயிரக்கணக்கில் 150 என்றோ அச்சிட்டிருப்பார்கள். ஒரு தட்டணுவின் ஆயுள் எட்டு முதல் பத்து நாள்கள். அதனால் வளர்ந்த ஒருவரின் உடல் நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடித் தட்டணுக்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு வேகமாகப் பிறந்து மறைகின்ற ஒன்றின் எண்ணிக்கை, சில நாள்களிலேயே சரிந்துவிடவும் முடியும், சில நாள்களிலேயே ஏறிவிடவும் முடியும். மலேரியாவில் நாம் காண்பது பெரும்பாலும் இத்தகைய ஏற்ற இறக்கத்தைத்தான்.

மலேரியாவில் அது ஏன் குறைகிறது

அனாஃபிலஸ் கொசு கடிக்கும்போது உள்ளே புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பெருகுகிறது. அங்கிருந்து வெளிவந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. சிவப்பணுக்கள் வெடித்துப் புதிய ஒட்டுண்ணிகள் வெளியேறும் நேரத்தில்தான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படுபவை பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற இரண்டு வகைகள். உயிருக்கு ஊறு விளைவிப்பதில் ஃபால்சிபாரம் முன்னிற்கிறது. ஆனால் தட்டணுவைக் குறைப்பதில் வைவாக்ஸும் அதற்குச் சளைத்ததல்ல.

ஒட்டுண்ணி நுழைவது சிவப்பணுவுக்குள் என்றால், தட்டணு ஏன் குறைய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒற்றை விடை இல்லை; பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து செயற்படுகின்றன.

முதலில் மண்ணீரலைப் பார்ப்போம். இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் இந்த உறுப்பு, நலமாக இருக்கும் காலத்திலும் உடலின் தட்டணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் தங்கவைத்துக்கொள்கிறது. மலேரியாவில் பழுதடைந்த சிவப்பணுக்களை வடிகட்டும் வேலை அதிகரிப்பதால் மண்ணீரல் வீங்குகிறது. வீங்க வீங்க அதனுள் தங்கும் தட்டணுக்களின் பங்கும் கூடுகிறது. மிகவும் பெருத்த மண்ணீரல் உடலின் மொத்தத் தட்டணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை தேக்கிவைக்கக்கூடும். ஆய்வகம் எண்ணுவதோ கையிலுள்ள நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை. கல்யாண வீட்டில் முகப்பில் நின்றுகொண்டு கண்ணில் படுகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வந்தவர்கள் இவ்வளவுதான் என்று சொல்வதைப் போன்றது அது. இரண்டாங்கட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே சீட்டில் குறைந்து தெரியும் எண்ணிக்கையில் ஒரு பகுதி, அழிந்துபோனதால் ஏற்பட்டதன்று, இடம் மாறியதால் ஏற்பட்டது. நோய் தணிந்து மண்ணீரல் சுருங்கும்போது அவை மீண்டும் ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

குழந்தைகளின் மண்ணீரலுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய, இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலேயே தொடங்கியது. இரத்தத்தைச் சோதிக்கும் வசதி இல்லாத காலத்தில் அந்தத் தொட்டறியும் கணக்கே ஊரின் நோய்நிலையைச் சொல்லியது.

இரண்டாவது காரணம் நோயெதிர்ப்பு. ஒட்டுண்ணியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களின் மேற்பரப்பிலும் படிகின்றன. அப்படிப் படிந்தவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அந்நியப் பொருள் என்று கருதி விழுங்கிவிடுகின்றன. எட்டு நாள்கள் வாழ வேண்டிய தட்டணுவின் ஆயுள் இதனால் வெகுவாகச் சுருங்குகிறது.

மூன்றாவதாக, தட்டணுக்கள் வேலைக்கு இழுக்கப்பட்டுச் செலவாகின்றன. மலேரியாவில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் தூண்டப்பட்டு, ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை வெளியிடுகிறது. தட்டணுக்கள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. ஃபால்சிபாரம் தொற்றிய சிவப்பணுக்களோடும் சேர்ந்து திரள்கின்றன. எங்கும் காயம் இல்லாமலேயே அடைக்கும் பணியில் ஈடுபட்டுத் தீர்ந்துபோகின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பாகத் தோன்றும் பகுதி இனிமேல்தான் வருகிறது. தட்டணுக்கள் இந்த நோயில் பலியாகும் அப்பாவிகள் மட்டும் அல்ல, போராளிகளும்கூட. ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் ஒட்டுண்ணியைத் தட்டணுக்கள் கொல்கின்றன என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தட்டணுவில் சேமித்துவைக்கப்பட்டுள்ள ஒரு புரதமே அந்த ஆயுதம் என்பதும், அது சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள டஃபி என்ற மூலக்கூறின் துணையோடு செயற்படுகிறது என்பதும் 2012இல் தெரியவந்தது. ஆயினும் இந்தப் போராளிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. மூளை மலேரியாவால் இறந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தபோது, நுண்ணிய இரத்தக் குழாய்களில் தட்டணுக்கள் குவிந்து கிடந்தன; ஒட்டுண்ணியோடு திரண்டு குழாயை அடைத்ததில் அவற்றுக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும். தட்டணு நிறைய இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற எளிய கணக்கு மலேரியாவில் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எலும்பு மஜ்ஜை இந்த நேரத்தில் பெரும்பாலும் சோர்ந்துபோவதில்லை. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் இயக்குநீர், மலேரியா நோயாளிகளின் இரத்தத்தில் கூடியே காணப்படுகிறது. மஜ்ஜையில் தாய் உயிரணுக்கள் இயல்பான அளவிலோ அதற்கு மேலோ இருக்கின்றன. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் வெளியேதான் இழப்பு நடக்கிறது. ஒட்டுண்ணியை மருந்தால் அழித்தவுடன் எண்ணிக்கை தானாக ஏறிவிடுவதன் இரகசியம் இதுவே.

எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் ஏறக்குறைய 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5.97 இலட்சம் பேர் இறந்தனர். ஆப்பிரிக்கப் பகுதியில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ஆகவே குழந்தைகளின் தட்டணுவைப் பற்றிய பெரிய ஆய்வுகள் அங்கிருந்தே வந்திருக்கின்றன. கென்யாவின் கிலிஃபியில் மலேரியாவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 1,369 குழந்தைகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், 56.7 விழுக்காட்டினருக்குத் தட்டணு குறைந்திருந்தது. ஒட்டுண்ணியின் அடர்த்தி கூடியவர்களிடமும், எழுந்து உட்கார முடியாத அளவுக்குச் சோர்ந்தவர்களிடமும் அந்தக் குறைவு அதிகம் காணப்பட்டது. ஆனால் இரத்தக்கசிவோடும் இறப்போடும் அதற்குத் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டில் செனகலின் டக்கார் நகரிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது: ஃபால்சிபாரம் தொற்றிய குழந்தைகளில் தட்டணு ஒரு இலட்சத்துக்குக் கீழே இருந்தவர்களிடையே கடும் நோயும் இறப்பும் கூடுதலாக இருந்தன.

முரண்போலத் தோன்றும் இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. தட்டணு வெகுவாகக் குறைந்திருப்பது, உள்ளே ஒட்டுண்ணியின் கை ஓங்கியிருக்கலாம் என்பதற்கான அடையாளம். அந்தக் குழந்தையை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. குழந்தைக்கு ஆபத்து வருவது அந்த எண்ணால் அன்று. மலேரியாவில் கடுமையான இரத்தப்போக்கு அரிதாகவே நிகழ்கிறது. கடும் மலேரியா எனக் கொள்வதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவுகோல்களில் நினைவு மங்குதல், திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, இரத்தச் சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் 5 கிராமோ அதற்குக் கீழோ போதல், மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு, குறிப்பிடத்தக்க இரத்தப்போக்கு முதலியவை இடம்பெறுகின்றன. தட்டணு எண்ணிக்கை மட்டும் தனித்து நின்று அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இத்தகைய குழந்தைக்குத் தட்டணு ஏற்ற வேண்டுமா என்பதுதான் பல குடும்பங்களை நள்ளிரவில் மதுரைக்கும் திருச்சிக்கும் அலையவைக்கும் கேள்வி. இரத்தம் கசியாத குழந்தைக்கு, எண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயன் கிடைப்பதாகச் சான்று இல்லை. வெளியிலிருந்து செலுத்தப்படும் தட்டணுக்களையும் அதே வீங்கிய மண்ணீரல்தான் பிடித்துக்கொள்கிறது, அதே எதிர்ப்பொருள்கள்தான் அழிக்கின்றன. ஆகவே அவை அதிக நேரம் நிலைப்பதில்லை. உண்மையான இரத்தப்போக்கு இருக்கும்போதும், எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே போவது போன்ற மிகத் தாழ்ந்த நிலையிலும், அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போதும் மருத்துவர் வேறுவிதமாக முடிவெடுக்கலாம். ஏற்றாமல் கவனித்துக்கொண்டிருக்கும் மருத்துவரை அலட்சியக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. பல நேரங்களில் அதுவே சரியான மருத்துவம்.

எண்ணையே ஐயுற வேண்டிய சூழலும் உண்டு. சிறு குழந்தையின் மெல்லிய நரம்பில் தடுமாறி இரத்தம் எடுக்கும்போது, குழாய்க்குள் சிறு உறைகட்டி விழுந்துவிட்டால் தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளும். உறையாமலிருக்கக் குழாயில் இடப்படும் இடிடிஏ என்ற வேதிப்பொருளே சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எண்ணும் இயந்திரம் அந்தத் திரளைத் தட்டணுவாகக் கணக்கில் எடுக்காது. மலேரியாவில் புதிதாக வெளிவரும் பெரிய தட்டணுக்களையும் சில இயந்திரங்கள் தவறவிடுகின்றன. குழந்தை நன்றாக இருக்க, எண் மட்டும் அதலபாதாளத்தில் இருந்தால், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்யச் சொல்வது முறை. அதே தகட்டில் மலேரியா ஒட்டுண்ணியையும் தேடலாம் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம்.

டெங்குவா, மலேரியாவா

தமிழ்நாட்டில் மலேரியா இன்று மிகவும் குறைந்துவிட்டது. அண்டை நாடான இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவும் 2030க்குள் அந்த நிலையை எட்டும் குறிக்கோளோடு இயங்குகிறது. ஆனால் அரிதாகிவிட்ட நோய்க்கே உரிய ஓர் ஆபத்து உண்டு: யாரும் அதை முதலில் நினைப்பதில்லை. செட்டிநாட்டில் அதை நினைக்க வேண்டிய காரணங்கள் சில இருக்கவே செய்கின்றன. இராமேசுவரம் தீவு நெடுங்காலமாக மலேரியா தொடர்ந்து காணப்பட்ட பகுதி. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் சத்தீசுகரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவர்களின் குழந்தைகள் அங்குள்ள ஒட்டுண்ணியோடு வரக்கூடும். ஆப்பிரிக்க நாடுகளில் பணிபுரிந்துவிட்டு விடுமுறைக்கோ, பிள்ளையார் நோன்புக்கோ, குடும்பக் கல்யாணத்துக்கோ வருகிறவர்களின் குழந்தைகளுக்கு ஃபால்சிபாரம் தொற்றியிருக்கலாம். கடந்த சில வாரங்களில் எங்கே போய்வந்தீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும், பெற்றோர் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. வைவாக்ஸ் வகை கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழக்கூடியது என்பதால், சென்ற ஆண்டுப் பயணத்தையும், முன்பு மலேரியா வந்து போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கொசுவின் பக்கமும் சிறிது பேசலாம். நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசு, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் தேங்கிய தூய நீரில் முட்டையிடுகிறது. உரிமையாளர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ வாழ, ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கப்படும் பெரிய வீடுகளின் கிணறுகளும், முற்றத்து மழைநீரைப் பிடிக்க வைத்த அண்டாக்களும் அதற்கு வாய்ப்பான இடங்கள். பூட்டிய கதவுக்குள் சுகாதாரப் பணியாளர் போக முடியாது. கிணற்றுக்குக் கொசுவலை மூடி போடுவதும், கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடுவதும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பாகிவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு பகலில் கடிக்கிறது. அனாஃபிலஸ் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. கோடையில் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ குழந்தைகளைத் தூங்கவைக்கும் வீடுகளில் கொசுவலை இன்றியமையாதது.

பரிசோதனைச் சீட்டில் இந்த இரண்டு நோய்களும் தட்டணுக் குறைவால் ஒன்றுபோலக் காட்சி தந்தாலும், உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். டெங்குவில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிவதால் இரத்தம் கெட்டியாகி, சிவப்பணுக்களின் அடர்த்தியைக் காட்டும் அளவு உயர்கிறது. மலேரியாவில் சிவப்பணுக்கள் உடைவதால் அது இறங்குகிறது; ஹீமோகுளோபின் குறைகிறது; கண்ணில் இலேசான மஞ்சள் நிறம் தோன்றலாம்; மண்ணீரல் கைக்குத் தட்டுப்படலாம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில், நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருகிறது. மலேரியாவில் அப்படி ஒரு நாள்கணக்கு இல்லை. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும், சிறப்பாக ஃபால்சிபாரத்தில், நிலை மோசமாகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சல் என்ற பாடப்புத்தக வருணனையைக் குழந்தைகளிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றோடு ஒழுங்கில்லாத காய்ச்சலாகவே அது பெரும்பாலும் வருகிறது. உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், டைபாய்டு ஆகியவற்றிலும் தட்டணு குறையக்கூடும். ஒரே குழந்தைக்கு இரண்டு தொற்றுகள் சேர்ந்து வருவதும் உண்டு.

ஆகவே காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்து காணப்படும் குழந்தைக்கு, டெங்குப் பரிசோதனையோடு மலேரியாப் பரிசோதனையும் செய்வதே முறை. விரல் நுனியிலோ, கைக்குழந்தையானால் குதிகாலிலோ குத்தி எடுக்கும் சில துளி இரத்தம் போதும். தடித்த பூச்சு, மெல்லிய பூச்சு என்று தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பது ஒரு முறை. கால் மணி நேரத்தில் முடிவு தரும் விரைவுப் பட்டை மற்றொரு முறை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. முதல் தகட்டில் ஒட்டுண்ணி தென்படவில்லை என்பதாலேயே மலேரியா இல்லை என்று ஆகிவிடாது. ஐயம் நீங்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி விட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

சிகிச்சையும் வீட்டுக் கவனிப்பும்

மலேரியா உறுதியானால் மருந்து ஒட்டுண்ணிக்குத்தான். தட்டணுவுக்கென்று தனி மருந்து தேவையில்லை. வைவாக்ஸுக்குக் குளோரோகுயினும், ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்தும், கடும் நிலையில் நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட்டும் நம் நாட்டில் கொடுக்கப்படுகின்றன. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. மருந்து தொடங்கிய மூன்று, நான்கு நாள்களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் இயல்பு நிலையை நெருங்கிவிடுகிறது. பழைய மருந்தான குவினைன், அரிதாகச் சிலருக்குத் தானே தட்டணுவைக் குறைத்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்காத வீடு இல்லை. அது மலேரியா ஒட்டுண்ணிக்கு மருந்தன்று. கசப்பினால் குழந்தை வாந்தி எடுத்தால், கொடுத்த மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதே என் கவலை. மாதுளையும் பேரீச்சையும் உணவாகத் தரலாம். எண்ணை ஏற்றும் என்று நம்பித் திணிக்க வேண்டியதில்லை. குழந்தை கேட்பது நொய்க்கஞ்சியானால் நொய்க்கஞ்சியே கொடுக்கலாம். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவதுதான் தீங்கு. மலேரியாவில் இரத்தச் சர்க்கரை இறங்கும் அபாயம் சிறு குழந்தைகளுக்கு உண்டு.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். ஆசுபிரின், ஐபுபுரொஃபேன், மெஃபெனாமிக் அமிலம் ஆகியவை தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் கெடுப்பவை. வீட்டில் மிச்சமிருக்கும் காய்ச்சல் மருந்துப் புட்டியை எடுப்பதற்கு முன், அதில் இவற்றில் ஏதேனும் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். "ஒரு ஊசி போட்டா காய்ச்சல் விட்டுடும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்த நேரத்தில் கூடாது. தட்டணு வெகுவாகக் குறைந்திருக்கும்போது தசையில் போடும் ஊசி உள்ளே இரத்தக்கட்டை உண்டாக்கலாம்.

தோலில் குண்டூசி முனையளவு செம்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். சாதாரணத் தடிப்பை விரலால் அழுத்தினால் நிறம் மறையும். இரத்தக்கசிவுப் புள்ளி மறையாது. மாநிறக் குழந்தைகளிடம் இவை எளிதில் தெரிவதில்லை என்பதால், பகல் வெளிச்சத்தில் மேலண்ணம், உதட்டின் உட்புறம், கீழிமையின் உட்புறம், உள்ளங்கை ஆகிய இடங்களைப் பார்ப்பது பயன்தரும். புள்ளிகள் புதிதாகத் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈறிலோ மூக்கிலோ நிற்காமல் கசியும் இரத்தம், கருநிற மலம், இரத்த வாந்தி, தேநீர் நிறச் சிறுநீர், எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், வேகமான மூச்சு, சில்லிட்ட கைகால்கள் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சீட்டில் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும். தட்டணு ஒரு இலட்சத்துக்கு மேல் இருக்கும் குழந்தைக்கும் இவை வரலாம்; நாற்பதாயிரம் இருக்கும் குழந்தை திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கவும் கூடும்.

காய்ச்சல் விட்டு, தட்டணுவும் ஏறி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் இரண்டு வேலைகள் மிச்சமிருக்கும். வைவாக்ஸ் வகையானால், கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கப் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள்களுக்குக் கொடுக்கப்படுகிறது. குழந்தை நலமாகிவிட்டதே என்று இடையில் நிறுத்துவதுதான் காய்ச்சல் திரும்பி வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால், அவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை; கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றொன்று, ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து இரத்த எண்ணிக்கையை மீண்டும் ஒருமுறை பார்ப்பது. ஒட்டுண்ணி நீங்கிய பின்னும் தட்டணு ஏறாமல் நின்றாலோ, ஹீமோகுளோபினும் வெள்ளையணுவும் சேர்ந்து குறைந்திருந்தாலோ, அதற்கு மலேரியாவைக் காரணம் காட்ட முடியாது. குழந்தைகள் நல மருத்துவர் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவார், தேவைப்பட்டால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்.